மட்டைக் குவியலில் புள்ளிக் குட்டிகள்: என்ன செய்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்பனை மட்டைக் குவியலைப் புரட்டியபோது புள்ளி போட்ட இரண்டு குட்டிகள் கிடந்தன. புலிக்குட்டியா? போன வாரம் இரண்டு கோழியைக் காணோம். பிள்ளைகள் வளர்க்கலாம் என்கிறார்கள்."

பயப்படாதீர்கள் அம்மா, புலி இல்லை. புலிக்குட்டிக்குப் பிறக்கும்போதே வரி இருக்கும். இவை அநேகமாகச் சிறுத்தைப் பூனையின் குட்டிகள். மலாய்க்காரர்கள் கூச்சிங் பத்து என்பார்கள். தாயைப் பார்த்தால் சந்தேகம் தீரும். வீட்டுப் பூனை அளவுதான், கால் சற்று நீளம். கண்ணின் உள்முனையிலிருந்து நெற்றிக்கு இரண்டு வெள்ளைக் கோடு ஏறும். காதின் பின்புறம் கறுப்பு, அதில் ஒரு வெள்ளைப் பொட்டு.

குட்டிகளைத் தூக்காதீர்கள். மட்டையை முன்பு இருந்தபடியே மூடிவிட்டு வந்துவிடுங்கள், நாயைக் கட்டிப் போடுங்கள். பகலில் தாய் கண்ணில் படவில்லை என்பதால் குட்டிகளை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று அருகிலேயே பதுங்கியிருக்கலாம். இருட்டியதும் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றிவிடும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கத்திக்கொண்டு கிடந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். வளர்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

சரி, கோழி? இந்தப் பூனை எடுத்திருக்கலாம். முசாங்கோ (மரநாய்) மலைப்பாம்போ கூட எடுத்திருக்கும். யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான்: பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்து, கூண்டுக்குச் சின்னக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். அடியில் மண் தோண்டி நுழையாதபடி வலையைக் கொஞ்சம் புதைத்துவிடுங்கள்.

சிறுத்தைப் பூனையின் முக்கிய இரை எலி, செம்பனைக் குலையைக் கடித்து நாசம் செய்யும் அதே எலி. சபாவில் தாபின் வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி நடந்த ஆய்வில், இப்பூனைகள் இரவில் செம்பனைக்குள் வேட்டையாடிவிட்டு, ஓய்வுக்கும் குட்டி போடவும் காட்டுத் துண்டுகளை நாடியது தெரிந்தது. செம்பனையில் இரை கிடைக்கும், மறைவு குறைவு. அதனால்தான் மட்டைக் குவியல்வரை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஆற்றோரத்தில் புதர்க்காடு மிச்சம் இருந்தால், அதை வெட்டாமல் விடும்படி தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) பேசிப் பாருங்கள்.

அப்புறம், வீட்டைச் சுற்றி எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். பூனைக்கு முதலில் அகப்படுவது அந்த எலிதான், விஷம் பூனைக்கும் போய்ச் சேரும். எலிப்பொறி போதும்.