பாட்டி சொல்ற "இருபது வருஷ சித்தி" ஒரே சீரியல் இல்ல

சித்தி சீரியல் இருபது வருஷம் ஓடுச்சு, அது தெலுங்கு சீரியல்னு உங்க பாட்டி சொல்றாங்க, நிஜமான்னு கேட்டிருந்தீங்க. இல்லங்க, சித்தி இருபது வருஷம் ஓடல. சன் டிவில 1999ல ஆரம்பிச்சு 2001லயே முடிஞ்சிருச்சு.

ஆனா ஆந்திராவுல சித்தூர் பக்கம் நகரிங்கற ஊர்ல இருக்கற உங்க பாட்டி பொய் சொல்லல. சித்தில நடிச்ச ராதிகாவோட சீரியல் எடுக்கற ராடான் கம்பெனி அதுக்கப்புறம் விடவே இல்ல, அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணின்னு 2018 வரைக்கும் ஒண்ணு முடிய முடிய அடுத்தது வந்துட்டே இருந்துச்சு, எல்லாத்துலயும் அதே முகம், ராத்திரி சாப்பாட்டு நேரத்துல பாதி பார்த்து பாதி விட்டவங்களுக்கு எல்லாம் ஒரே கதையாத்தான் தெரியும். எங்க வீட்லயும் இன்னிக்கு வரைக்கும் எல்லாத்துக்கும் பேர் சித்திதான்.

"அது தெலுங்கு சீரியல்"னு அவங்க சொல்றதுக்கும் காரணம் இருக்கு. சித்தியை தெலுங்குல டப் பண்ணி, தெலுங்கு சேனல் ஜெமினி டிவில "பின்னி"ங்கற பேர்ல போட்டாங்க. சித்தூர் பக்கம் ரெண்டு சேனலும் ஓடற வீடுங்கதானே, எதுல பார்த்தோம்னு குழம்பறது சகஜம். ஒரிஜினல் தமிழ்தான்.

பாட்டிகிட்ட இப்படி கேட்டுப் பாருங்க:
1. ராதிகா ரெண்டு பேரா வந்து அதுல ஒருத்தர் வக்கீலா? அப்ப வாணி ராணி.
2. சிவகுமார் இருந்தாரா? அப்ப சித்தி இல்லன்னா அண்ணாமலை, ரெண்டுலயும் அவர் உண்டு.

ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க, 2020ல வந்த சித்தி 2 வேற கதை, நடுவுலயே ராதிகா விலகிட்டாங்க, அதையும் இதோட சேர்த்து எண்ணிடாதீங்க.