2,800 வெள்ளிக் குட்டியா, 900 வெள்ளிக் குட்டியா?

கேள்வி: கெடாவில் பீடோங் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) முப்பது ஆடுகளும் வைத்திருக்கிறேன். போன மாதம் ராத்திரியில் தெருநாய்க் கூட்டம் புகுந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டது. இன்னோர் ஆடு காயத்தோடு பிழைத்தது. காவலுக்கு அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) நாய்க்குட்டி வாங்க நினைக்கிறேன். சுங்கைப்பட்டாணியில் ஒரு பிரீடர் பரம்பரைப் பத்திரத்தோடு 2,800 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார். இன்னொருவர் அதே ஜாதிக் குட்டி, ஆறு வாரம், 900 வெள்ளி, பெட்ரோல் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். விலை கூடினால் தரமும் கூடுமா ஐயா?

பதில்: விலை இருக்கட்டும் தம்பி, முதலில் அந்தப் பெட்ரோல் நிலையத்தை யோசியுங்கள். தாயையும் பிறந்த இடத்தையும் காட்டாமல் நடுவழியில் கைமாற்றுகிறவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஆறு வாரம் என்பதும் இடிக்கிறது. குறைந்தது எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்தால்தான், விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதே குட்டிக்குப் பிடிபடும். இப்படி வரும் குட்டிகளை நான் அதிகம் பார்ப்பது குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயில்தான். வீட்டுக்கு வந்த சில நாளில் சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து கழியும். டிரிப் ஏற்றி கிளினிக்கில் வைத்தால், விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் அடுத்து வாங்கும் குட்டிக்கும் ஆபத்து.

அதற்காக 2,800 வெள்ளி என்றால் நல்ல குட்டி என்று ஆகிவிடாது. அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று கேளுங்கள். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பன் இரண்டுக்கும் இரண்டு வயதுக்கு மேல் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறாரா? எடுத்திருந்தால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாய்க்கு நல்ல தீனி, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி என்று செலவு செய்தவர் கூடுதலாகக் கேட்பது நியாயம். அபூர்வ நிறம், நீள முடி, வெளிநாட்டு ரத்தம் என்று சொல்லி விலை ஏற்றினால், அது உங்கள் ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு காசுக்கும் உதவாது. பத்திரம் பரம்பரையைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கிளினிக்கில் ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

நேரில் போகும்போது குட்டியைத் தூக்குவதற்கு முன் தாயைப் பாருங்கள். அது சங்கிலியில் நடுங்கிக்கொண்டோ, பாய்ந்து சீறிக்கொண்டோ இருந்தால் திரும்பிவிடுங்கள். அந்தக் குணம் குட்டிக்கும் வரலாம். அடுத்து குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தாலும் புழுதான். தொப்புளில் கட்டி தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச் சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய தேதியை மட்டும் நம்பாதீர்கள். முதல் ஊசியோடு முடிந்துவிடாது, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.

உங்களுக்கு அல்சேஷன்தான் வேண்டுமா? அது ஆட்டை மேய்க்கப் பிறந்த ஜாதி, ஓட்டுவதும் துரத்துவதும் ரத்தத்தில் ஊறியது. பழக்காமல் அவிழ்த்துவிட்டால் சினை ஆடுகளை விரட்டிக் கருவைக் கலைத்துவிடும். என்னைக் கேட்டால், பக்கத்து லயத்தில் நல்ல குணமுள்ள கம்பத்து நாய் (நாட்டு நாய்) குட்டி போட்டிருந்தால் அதில் ஒன்றை எட்டு வாரத்தில் எடுத்து, ஆடுகள் கண்ணில் படும்படி கொட்டகை ஓரத்தில் வளர்ப்பேன். காசு கொடுக்காத குட்டிதானே என்று ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எந்தக் குட்டியானாலும் வாங்கும் விலையைவிட வளர்க்கும் செலவுதான் பெரிது. உண்ணிக்கும் கொசுவால் வரும் இதயப் புழுவுக்கும் மாதாமாதம் மருந்து, நகராண்மைக் கழகத்தில் வருடாந்தர உரிமம், நல்ல வேலி எல்லாம் உண்டு. பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் இருந்தால் நாய் அவர்கள் வாசலுக்குப் போகாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்துக் கட்டியை நாய் தின்றாலும், அதைத் தின்ற எலிகளைப் பிடித்துத் தின்றாலும் ரத்தம் உறையாமல் போகும். பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியும்: மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, மூச்சுவாங்கல். மருந்து உறையோடு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்றலாம். தீபாவளிக்கு ஆடு அறுக்கும்போது பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறியாதீர்கள். அதிலிருக்கும் நீர்க்கட்டி நாயின் வயிற்றில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை புல் வழியே மறுபடி ஆட்டுக்கே வரும்.

குட்டி வளர்ந்து காவலுக்கு ஆக ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை ராத்திரியில் ஆடுகளை உள்ளே அடைத்து, கொட்டகையைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள், அடிப்பக்கத்தை மண்ணில் புதையுங்கள். கடிபட்டுப் பிழைத்த ஆட்டைத் தனியே கட்டி, இன்றே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2015இல் கெடாவில் வெறிநாய்க்கடி நோய் வந்திருக்கிறது. அந்த ஆடு தள்ளாடினாலோ எச்சில் வடித்தாலோ வெறுங்கையால் வாயைத் தொடாதீர்கள்.