வேலையின்மைக் கணக்கு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களை எண்ணித்தான் வேலையின்மை விகிதம் சொல்கிறார்களா?

இல்லை. பெரும்பாலான நாடுகள் எல்லோருக்கும் பிரதிநிதியாகச் சில குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நேரிலோ போனிலோ விசாரிக்கின்றன. அமெரிக்காவில் மாதம் சுமார் 60,000 வீடுகள். நீங்கள் வேலையில்லாதவரா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஏதாவது வேலை செய்தீர்களா? இல்லையென்றால், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா? எப்படித் தேடினீர்கள்? கிடைத்தால் உடனே போக முடியுமா? இந்தப் பதில்களை வைத்துத்தான் வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர், இரண்டிலும் சேராதவர் என்று ஆளை வகைப்படுத்துகிறார்கள்.

கேள்வி: வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையில் இருப்பவராமே? இது என்ன நியாயம்?

கோபம் புரிகிறது. ஆனால் விதி அதுதான். 1982-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்டது. எவ்வளவு சின்ன வேலையும் விடுபடக் கூடாது, நாட்டின் உற்பத்திக் கணக்கோடு உழைப்புக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது காரணம். அதனால்தான் எத்தனை மணி நேரம் உழைத்தார், இன்னும் வேலை வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேலையின்மை விகிதத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு இந்தப் பதில்களை விட்டுவிடும் செய்திகள்மேல்தான் எனக்கு வருத்தம்.

கேள்வி: குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உட்காரும் பெண்?

சர்வதேச விதிப்படி ஒரு மணி நேரம் போதும், அவர் வேலையில் இருப்பவர். அமெரிக்காவில் வாரம் 15 மணி நேரமாவது வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல நேரம் வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்வார். "அவள் சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று அவர் சொல்லிவிட்டால், காலையெல்லாம் கல்லாவில் இருந்த பெண் கணக்கிலிருந்தே காணாமல் போவார். நல்ல கணக்கெடுப்பாளர் அங்கே நிறுத்தி, கடையில் உதவுவாரா என்று இன்னொரு கேள்வி கேட்பார்.

கேள்வி: வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர் செய்பவர்?

2013-இல் விதி மாறியது. அது உழைப்புதான், ஆனால் வேலைவாய்ப்பு என்ற கணக்கில் சேராது. புதிய விதிக்கு மாறும் நாட்டில் யாருடைய பிழைப்பும் மாறாமலேயே வேலையில் இருப்போர் எண்ணிக்கை சரியலாம்.

கேள்வி: சரி, இரு நாடுகளின் விகிதத்தை அப்படியே ஒப்பிடலாமா?

கவனமாக. வேலை விளம்பரங்களைப் பார்ப்பது மட்டும் கனடாவில் வேலை தேடலாக எண்ணப்படும், அமெரிக்காவில் எண்ணப்படாது. இந்தியாவில் கடந்த 365 நாளில் என்ன செய்தார் என்பதை வைத்து ஒரு விகிதமும் கடந்த 7 நாளை வைத்து இன்னொன்றும் வரும். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், அமெரிக்க விகிதம் 14.7 சதவீதத்துக்கு எகிறியது. வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டவர்கள் அங்கே வேலையில்லாதவர்கள். ஐரோப்பாவில் அரசு உதவியோடு வேலையில் தக்கவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்பட்டார்கள்.

கேள்வி: விகிதம் குறைந்தால் நல்ல செய்திதானே?

எப்போதும் இல்லை. சலித்துப்போய்த் தேடுவதையே விட்டவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்து விலகிவிடுவார். மக்கள்தொகையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மக்கள் பதிலே சொல்லாவிட்டால்?

அதுதான் இப்போதைய பெரிய கவலை. பதில் சொல்வோர் மிகவும் குறைந்துபோனதால், பிரிட்டன் 2023 அக்டோபரில் தன் தொழிலாளர் ஆய்வின் வழக்கமான மதிப்பீடுகளை வெளியிடுவதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.