துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தை

வணக்கம் ஐயா,

உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். உலகத்தின் பழைய சந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இஸ்தான்புல் பஜார், பட்டுப்பாதையில் இருந்த கஷ்கர் சந்தை என்று அடுக்கிக்கொண்டு போனேன். ஒரு மாணவி, "எங்கட ஊரிலை அப்படி ஒண்டும் இருக்கேல்லையோ ரீச்சர்?" என்று கேட்டாள். ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை என்று எங்கள் யாழ்ப்பாணத்துத் துறைமுகங்களைச் சொன்னேன். "துறைமுகம் சரி, சந்தை?" என்றாள். சுன்னாகம் சந்தையையும் கொடிகாமம் சந்தையையும் வரலாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவை மரக்கறி விற்கிற இடங்கள்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., மானிப்பாய்

அன்புள்ள ரீச்சருக்கு,

அந்தப் பிள்ளை கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள். தோணியில் ஏறிய சரக்கெல்லாம் ஏதோ ஒரு தோட்டத்தில் விளைந்து, மாட்டுவண்டியில் வந்து, விலை பேசப்பட்டுத்தான் துறைக்குப் போனது. அந்தப் பாதியை நாங்கள் படிக்கவும் இல்லை, படிப்பிக்கவும் இல்லை.

முதலில் மண்ணைக் காட்டுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைத் துலாவால் இறைத்துத்தான் தோட்டம் செய்தார்கள். நெல் மாரி மழையை நம்பி ஒரு போகம். அது சனத்துக்குக் காணாது. ஆகவே விற்கக்கூடிய பயிரைச் செய்து, அந்தக் காசில் அரிசி வாங்கியே ஆகவேண்டும். சந்தை கூடாவிட்டால் உலை வைக்க முடியாத ஊர் இது. யாழ்ப்பாணத்து வியாபாரத்தை இங்கிருந்து பார்க்கத் தொடங்கினால் எல்லாம் விளங்கும்.

அப்படி விற்ற பயிர்களில் பெரியது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அதன் முக்கியமான கொள்வனவாளர் மலையாள நாட்டுத் திருவிதாங்கூர் அரசு. அங்கே புகையிலை வியாபாரம் அரசின் தனியுரிமை. எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த இலை அந்த அரசரின் கருவூலத்துக்கு வருமானம். இலையை வெட்டி, வாடவிட்டு, குடிலில் புகை போட்டு, பாடம் போட்டு வைத்திருப்பார்கள். தரகர் வந்து இலையைத் தொட்டு, மணந்து பார்த்து விலை சொல்லுவார். திரும்பிவரும் தோணிகளில் அரிசியும் துணியும் வரும். புகையிலை தோட்டத்திலேயே விலைப்பட்டாலும் அந்தக் காசு இறங்கிப் புழங்கிய இடம் சந்தைதான். பின்னாளில் மலையாளப் புகையிலைக்கென்று இங்கே கூட்டுறவு விற்பனைச் சங்கமே இயங்கியது என்றால் அந்த வியாபாரத்தின் அளவைப் பிள்ளைகள் ஊகிக்கலாம்.

இன்னும் பழைய சான்று வேண்டுமா? நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவை மன்னனுடைய ஆணை, தமிழில். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. எந்தச் சரக்கு வந்தே ஆகவேண்டும் என்று அரசன் நினைத்தான் என்பது அந்தப் பங்கிலேயே தெரிகிறது. வகுப்பில் அந்த வரிகளை வாசித்துக் காட்டுங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விற்றதையும், வாங்குவதற்குக் கோல்கொண்டாவில் இருந்து வணிகர் வந்ததையும் சேர்த்துச் சொன்னால், வன்னியில் இருந்து குடாநாட்டுக்குள் நுழையும் வழியான ஆனையிறவின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு வியாபாரப் பாதை நினைவுக்கு வரும்.

1905இல் ரயில் பாதை தெற்கோடு தொடுத்தபிறகு சரக்கின் முகம் கொழும்புப் பக்கம் திரும்பியது. சுருட்டு, வெங்காயம், மாம்பழம் எல்லாம் அந்த வழியில் போயின. சிங்கள ஊர்களில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த சுருட்டுக்கடைகளை உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது எங்கள் தோட்டக்காரர் வாழ்ந்தார்கள், கல்வீடுகள் எழும்பின. 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் விலை விழுந்தது. கொழும்பில் எடுத்த முடிவு சந்தையில் அந்தர் (ஏறக்குறைய ஐம்பது கிலோ) விலையாகத்தான் இங்கே வந்து சேர்ந்தது. அப்புறம் யுத்தம். 2006இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 தரைப்பாதை பூட்டப்பட்டபோது குடாநாட்டில் விலைகள் எங்கே போய் நின்றன என்று நீங்களே அறிவீர்கள்.

"மரக்கறி விற்கிற இடங்கள்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் விடியக் கொடிகாமத்துக்குப் போங்கள். தென்மராட்சித் தேங்காய், பலா, மாம்பழம், வெற்றிலை. ஒரு பக்கம் பனம்பொருட்கள்: ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு. கடகம் என்கிற பனையோலைக் கூடை விற்கும் அம்மாவிடம் ஒன்றை வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். ஓலையை இரட்டையாக இழைத்து, விளிம்புக்கு நார் வைத்துக் கட்டியிருக்கும். இரும்புப் பெட்டியும் உரப்பையும் வருமுன் சந்தையின் பாரம் முழுவதையும் சுமந்தது அதுதான். பனையில் மரமும் சரக்குத்தான்: பனஞ்சிலாகை, அதாவது கூரைக்குப் பிளந்த பனஞ்சட்டம், ஒருகாலத்தில் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியானது. பாசையூரில் மீனை ஏலம் கூறி விற்பதையும் பிள்ளைகள் ஒருமுறை நின்று பார்க்கட்டும். கூறுகிறவரின் குரல் போகும் வேகத்தில் ஒரு நாள் உழைப்பு விலையாகிவிடும்.

ஆனால் பெருமை பேசிவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சந்தைகளில் 'கழிவு' என்று ஒரு வழக்கம் உண்டு. தோட்டக்காரர் நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு. கழித்த காய் தோட்டக்காரரிடம் திரும்பி வராது. அதையும் சேர்த்துத்தான் வியாபாரி விற்பார். கழிவு கூடாது என்று எத்தனையோ தடவை அறிவித்தாயிற்று. ஒரு சந்தையில் வயதான தோட்டக்காரர் ஒருவர் தராசைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். எவ்வளவு வெட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இது களவு. வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு முடியாது.

இன்னொன்று, 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மையம் என்ற மொத்த மரக்கறிச் சந்தை வந்தபிறகு எங்கள் விலையும் அங்கேயே முடிவாகிறது. இங்கே விளைந்தது அங்கே போகிறது; அங்கிருந்து லொறியில் மரக்கறி இங்கே வருகிறது. சில நேரம் ஒரே காய்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

அந்த மாணவியையும் கூட்டாளிகளையும் கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு சாக்கைப் பிடித்து, இது எந்த ஊரில் இருந்து வந்தது, யார் வாங்கினது, எங்கே போகிறது, எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். ஏழு மணிக்கு முதல் போய்ச் சேருங்கள். பிந்தினால் மொத்த வியாபாரம் முடிந்துவிடும். எழுதினதை எனக்கும் அனுப்பிவையுங்கள்.