தங்கை கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கிறாள். சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பம் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அம்மா பால்மரம் வெட்டினார். உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் நேச்சுரல் சயின்சஸ் படித்தேன், இப்போது ஈப்போவில் இருக்கிறேன்.

தங்கை பொறியியலுக்குப் போடுகிறார், அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார், உபகாரச் சம்பளம் இன்னும் உறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா மட்டும் "போட்டால் டிரினிட்டி, ராமானுஜன் படித்த இடம். இல்லையென்றால் எதற்கு?" என்று பிடிவாதமாக இருக்கிறார் என்கிறீர்கள். மாமாவின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் ராமானுஜன் 1914இல் டிரினிட்டிக்குப் போனது கணித அறிஞர் ஹார்டி அங்கே இருந்ததால். தனக்கு வேண்டிய ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்த்துத்தான் போனார். நம் மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் படித்தது செயின்ட் கேத்தரின்ஸில். லீ குவான் யூ படித்தது ஃபிட்ஸ்வில்லியமில். கல்லூரிச் செலவைத் தாங்க முடியாத மாணவர்களுக்காக 1869இல் தொடங்கிய ஏற்பாடுதான் பின்னால் ஃபிட்ஸ்வில்லியம் கல்லூரி ஆனது. இதை மாமாவிடம் சொல்லுங்கள், கேட்பார்.

கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள். விரிவுரை, ஆய்வுக்கூடம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துடையவை. பொறியியல் மாணவர்கள் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே வினாத்தாளைத்தான் எழுதுவார்கள். அறை, சாப்பாட்டு மண்டபம், நூலகம், கஷ்டம் என்றால் போய்ச் சொல்ல ஒரு டியூட்டர், இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து பாடம் கேட்கும் சூப்பர்விஷன், இவைதான் கல்லூரியின் பொறுப்பு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கம்பெனி ஒன்றுதான், தோட்டத்துக்குத் தோட்டம் துரை வேறு. சம்பள விகிதம் எங்கும் ஒன்றுதான் என்றாலும் எந்தத் தோட்டத்தில் லயம் ஒழுகும், எந்தத் துரை அவசரத்துக்கு வண்டி கொடுப்பார் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது விடுமுறை. இதைத்தான் யாரும் நமக்குச் சொல்வதில்லை. அங்கே ஒரு தவணை எட்டு வாரம்தான், ஆண்டுக்கு மூன்று தவணை. மற்ற நாள்களில் அறை உங்களுடையதா என்பது கல்லூரியைப் பொறுத்தது. சில கல்லூரிகள் ஆண்டு முழுக்க அறை தரும். சில, தவணை முடிந்ததும் காலி செய்யச் சொல்லும். நான் இருந்த கல்லூரி இரண்டாவது வகை. டிசம்பர் தொடக்கத்தில் மற்றவர்களின் அப்பா அம்மா கார் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, தலையணையிலிருந்து சைக்கிள் வரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு நைஜீரியத் தோழியும் எங்கள் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி, பெயரும் அறை எண்ணும் எழுதி, நிலவறைக் கிடங்குக்குப் படி படியாக இறக்கினோம். விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு வேறொரு கட்டடத்தில் அறை உண்டு, இரவுக்கு இவ்வளவு என்று வாடகை. சமையலறையில் ஒரு மைக்ரோவேவ், ஒரு டோஸ்டர், ஒரு கெட்டில். அடுப்பு கிடையாது. மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், மைக்ரோவேவில் சோறு பொங்கி ஊறுகாயோடு சாப்பிட்டுக்கொண்டு ஆறு வாரம் கிடப்பது சின்ன விஷயம் இல்லை, தம்பி. என் தோழி ஒருத்தி வேறு கல்லூரியில் இருந்தாள். அவள் அறையும் அவளுடையது, அடுப்பும் இருந்தது. மில் ரோட்டு ஆசியக் கடைகளில் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு அவளிடம் போய்விடுவேன். ராமானுஜனும் டிரினிட்டியில் தாமாகவே சமைத்துத்தான் சாப்பிட்டார். போர்க்காலத்தில் காய்கறிக்கே திண்டாடி, 1917இல் படுத்த படுக்கையானார். மாமாவுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

அடுத்தது பணம். நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணம் என்று தனியாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டை ஒட்டி வரும், அதாவது ஐம்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். முக்கியமானது, இந்தத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொறியியல் நான்கு ஆண்டுப் படிப்பு, ஆகவே சின்ன வித்தியாசமும் நான்கு மடங்காகும். இடம் கிடைத்தபின், முழுப் படிப்புக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டச் சொல்வதும் கல்லூரிதான். டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் போன்றவை பணக்காரக் கல்லூரிகள், உதவித்தொகை நிறைய என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த உதவிகளில் பல பிரிட்டிஷ் மாணவர்களுக்கு மட்டும். 'வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்கும் உண்டு' என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் தேடிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் உபகாரச் சம்பள அமைப்பான கேம்பிரிட்ஜ் டிரஸ்ட் கொடுப்பதும் இளங்கலைக்குப் பெரும்பாலும் செலவில் ஒரு பகுதிதான். அதனால் பேங்க் நெகாரா, கஸானா போன்ற நம் நாட்டு உபகாரச் சம்பளங்களுக்கு விண்ணப்பிப்பதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். கல்லூரி எது என்பதைவிட அது பெரிய கேள்வி.

எந்தக் கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல மாணவரை ஒரு கல்லூரியால் எடுக்க முடியாமல் போனால், அவருடைய விண்ணப்பம் விண்டர் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும், அங்கிருந்து வேறு கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் ஏராளமான பேர் அப்படித்தான் தாங்கள் கேட்காத கல்லூரியில் சேர்கிறார்கள். கல்லூரி எதையும் குறிப்பிடாமல் பொது விண்ணப்பமும் போடலாம், கணினியே ஒன்றை ஒதுக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம் என்பேன், மேலே சொன்ன காரணங்களுக்காக.

பட்டியலைக் குறைப்பது எளிது. வூல்ஃப்சன், ஹியூஸ் ஹால், செயின்ட் எட்மண்ட்ஸ் மூன்றும் 21 வயது நிரம்பியவர்களுக்கு. கிளேர் ஹால், டார்வின் இரண்டும் முதுகலைக்கு. இந்த ஐந்தையும் அடித்துவிடுங்கள். நியூனம், மர்ரி எட்வர்ட்ஸ் இரண்டும் பெண்கள் கல்லூரிகள். அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரிடம் இந்த இரண்டைப் பற்றியும் பேசுங்கள். வகுப்பும் ஆய்வுக்கூடமும் எல்லோரோடும்தான், தங்குமிடம் மட்டும் பெண்களோடு. தங்கைக்குப் பிடிக்குமா என்பதை அவரே சொல்லட்டும். கர்ட்டன் ஊருக்கு வெளியே ஏறக்குறைய 4 கிலோமீட்டரில் இருக்கிறது. அழகான இடம், ஆனால் ஜனவரிக் குளிரில் தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும். சர்ச்சில் 1960இல் தொடங்கியது, அறிவியல், பொறியியல், கணித மாணவர்களே அங்கே பெரும்பான்மை. தங்கையின் பாடத்தில் துணைக்கு நிறையப் பேர் இருப்பார்கள். அது முதல் ஆண்டில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால் சர்ச்சில், ஃபிட்ஸ்வில்லியம், மர்ரி எட்வர்ட்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கும் தங்கையையே மின்னஞ்சல் எழுதச் சொல்வேன். கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைகளில் அதே அறையில் இருக்கலாமா, வாடகை எவ்வளவு? முதலாண்டு மாணவர்களின் சமையலறையில் அடுப்பு உண்டா? இந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை ஏதும் உண்டா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இதைக் கேட்டதால் யாரும் இடத்தை மறுக்க மாட்டார்கள், பதில் சொல்வது அவர்கள் வேலை. வந்த பதில்களை ஒரு தாளில் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். பணம் கட்டப் போகிறவருக்கு எண்கள் தெரிய வேண்டும்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்துப் போட முடியாது. பொறியியலுக்கு ஈசாட் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு, அதற்குப் பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். கல்லூரிப் பேச்சில் அதைத் தவறவிட்டுவிடாதீர்கள். பதில்கள் வந்தபின் குழப்பம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், அல்லது ஈப்போ பக்கம் வரும்போது தங்கையை அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.