மூன்றாவது முறையும் நுழைவுத் தேர்வா? முதலில் அந்த நோட்டைப் பாருங்கள்

போன வாரம் ஓர் அம்மாவும் அப்பாவும் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் படிக்க வைப்பதா, கடன் வாங்கியாவது பணம் கட்டிச் சேர்ப்பதா என்று கேட்டார்கள். "உயிரியல் பிடித்த பிள்ளைக்கு டாக்டர் படிப்பை விட்டால் வேறென்ன இருக்கு?" என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். நாங்கள் பேசி முடிக்கும்வரை அந்தப் பெண் குனிந்து ஒரு நோட்டில் வரைந்துகொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஹீமோகுளோபின்! ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம். அதன் நான்கு சங்கிலிகளுக்கு நான்கு நிறம், ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஓர் இரும்பு அணு.

அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை அந்தப் பெற்றோருக்கே இங்கே எழுதுகிறேன்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது வருடம் வேண்டாம். கடன் வாங்கி இடம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். நோயாளிகளோடு நாள் முழுக்க இருக்கப் பிடிக்குமா என்று அவளைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "உடம்புக்குள்ளே ஒவ்வொண்ணும் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்" என்றாள். மருத்துவராக ஏங்கும் பிள்ளை இப்படிப் பதில் சொல்லாது. அவள் கூடுதல் மதிப்பெண் எடுத்ததும் இயற்பியலில்தான். அதை நீங்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

பார்மசி, நர்சிங், பயோடெக்னாலஜி பற்றி உறவினர்கள் ஏற்கெனவே நிறையப் பேசியிருப்பார்கள். நான் சொல்ல வருவது கட்டமைப்பு உயிரியல். உயிருள்ள செல்லில் இருக்கும் மூலக்கூறுகள் என்ன வடிவத்தில் இருக்கின்றன, அந்த வடிவத்தால் என்ன வேலை செய்கின்றன என்று கண்டுபிடிக்கும் துறை. இயற்பியலும் வேதியியலும் கணக்கும் உயிரியலும் இங்கே ஒரே மேசையில் உட்காருகின்றன.

இது புதிதாக முளைத்த படிப்பும் அல்ல. 1912இல் ஜெர்மன் இயற்பியலாளர் லவேயின் குழுவினர் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது புகைப்படத் தட்டில் புள்ளிகள் விழுந்தன. அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிட முடியும் என்று பிராக் என்ற இயற்பியலாளர்கள், அப்பாவும் மகனும், காட்டினார்கள். 1915இல் நோபல் பரிசு வாங்கியபோது மகனுக்கு வயது 25. இதே எக்ஸ் கதிர் முறையில் பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் 1945இல் பெனிசிலினின் வடிவத்தைக் கண்டார். 1930களில் தொடங்கிய இன்சுலின் வேலை அவருக்கு 1969இல்தான் முடிந்தது. உங்கள் மகள் வரைந்த ஹீமோகுளோபினை 1937இல் கையில் எடுத்த விஞ்ஞானி மேக்ஸ் பெரூட்ஸுக்கு அதன் உருவம் தெரிய 22 வருடம் ஆயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கங்காரு வால் தசைநாணில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து, தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1950களின் நடுவில் சொன்னார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963இல் அவர் குழு வெளியிட்டது. அதை வைத்துத்தான் இன்றும் ஒவ்வொரு புதிய புரத அமைப்பையும் சரிபார்க்கிறார்கள். அவர் இயற்பியல்காரர். வெங்கி ராமகிருஷ்ணனும் அப்படித்தான். கிடைத்த மருத்துவ இடத்தை விட்டுவிட்டு இயற்பியல் படித்தார். அதில் முனைவர் பட்டமும் வாங்கிய பிறகு உயிரியலில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்துக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது வேகம் மாறிவிட்டது. எக்ஸ் கதிர் முறைக்கு மாதிரியைப் படிகமாக்கியே ஆகவேண்டும்; இப்போது அது முடியாவிட்டாலும் பரவாயில்லை. மெல்லிய நீர்ப்படலத்தில் வைத்து, பனிப்படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் சட்டென்று உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைப் படம் எடுத்து, அவற்றைக் கணினியில் சேர்த்து முப்பரிமாண உருவம் வரவழைக்கிறார்கள். இந்த முறைக்கு 2017இல் நோபல் கிடைத்தது. கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அது நம் செல்லில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் முள் புரதத்தின் வடிவம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

"அதைத்தான் இப்போது ஏஐ செய்துவிடுகிறதே?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஏஐ மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு பெரிய பாய்ச்சல், 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது பாடம் கற்றது எங்கே? 1971இல் 7 அமைப்புகளோடு தொடங்கி இன்று 2 லட்சத்தைத் தாண்டிய புரதத் தரவு வங்கியில், அதாவது கண்டறிந்த வடிவங்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தில். அத்தனையும் மனிதர்கள் ஆய்வகத்தில் கண்டு சேர்த்தவை. கணினி தருவது கணிப்பு. மருந்து ஒட்டும்போது புரதம் உண்மையில் எப்படி அசைகிறது என்பதைச் சோதனையில்தான் உறுதி செய்ய வேண்டும். இரண்டும் தெரிந்த ஆளுக்கு மருந்து ஆய்வுக் குழுக்களிலும் நுண்ணோக்கி மையங்களிலும் மிக வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் கூடங்களிலும் வேலை இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இது நீண்ட பாதை. இளநிலையில் இயற்பியலோ வேதியியலோ எடுத்து, கணக்கை விடாமல் படிக்க வேண்டும். அப்புறம் முதுநிலை, அதன்பின் முனைவர் ஆய்வுக்கே நாலைந்து வருடம். நல்ல சம்பளம் தாமதமாகத்தான் வரும். கணக்கு கசந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

பண விஷயத்தில் மட்டும் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தில் சேர்க்காதீர்கள். ஆறு மாதத்தில் ஆராய்ச்சியாளர் ஆக்குகிறோம் என்று பணம் கேட்கும் டிப்ளமோ பக்கம் போகவே போகாதீர்கள். பழகிப் பார்க்கக் காசு தேவையில்லை: புரதத் தரவு வங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது, வடிவங்களைத் திருப்பிப் பார்க்கும் மென்பொருளும் பைத்தான் நிரல்மொழியும் இலவசமாகவே கிடைக்கும்.

ஒரு மாதம் அவளை விடுங்கள். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோயில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம், அதாவது சங்கிலியின் ஒரு கண்ணி, மாறியிருக்கும். தரவு வங்கியில் அந்த இடத்தை அவளாகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்தச் சின்ன மாற்றத்தால் சிவப்பணு ஏன் வளைகிறது என்று தன் சொந்த வார்த்தையில் இரண்டு பக்கம் எழுதட்டும். மூன்றாம் நாளே அலுத்துவிட்டால் வெட்கப்படாமல் சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம். நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருந்தால், அடுத்த முறை அந்த இரண்டு பக்கத்தையும் அவளுடைய நோட்டையும் கொண்டுவாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்போது பேசுவோம்.