பாறுக்குக் கேமரா பிடிப்பவர் பதில்கள்

கேள்வி: காட்டுயிர்ப் படம் எடுப்பதைத் தொழிலாக்க எனக்கு ஆசை. நீங்கள் புலி, யானையை விட்டுவிட்டுப் பிணந்தின்னிக் கழுகின் பின்னால் ஏன் இத்தனை வருடம் அலைகிறீர்கள்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பிணந்தின்னி என்று சொல்லாதீர்கள் அம்மா, மனசு வலிக்கிறது. அது பாறு. நம் பழம்பாட்டுகளிலேயே உள்ள பெயர். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் செத்த காட்டெருமை மீது வெண்முதுகுப் பாறுகள் இறங்குவதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரைப்பை புடைத்து, பறக்க முடியாமல் மண்ணில் தத்தித் தத்தி நடந்தன. இறக்கை விரித்தபோதுதான் முதுகின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

அந்த இனத்தில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 100-க்கு 99-க்கு மேல் அழிந்துபோயின. வேட்டையால் அல்ல, மாட்டுக்கு வலி போகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால். அந்த மாடு செத்தால், தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஒருமுறை அப்படி ஒன்றைப் பார்த்தேன்: கழுத்தைத் தொங்கப்போட்டு, கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் மரத்தடியில் கிடந்தது. என் படங்களிலேயே அதைத்தான் அதிகம் பேரிடம் காட்டியிருக்கிறேன், ஊர் ஊராக, மாட்டுத் தொழுவங்களில். 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். 2023-ல் அதேபோல் பாறைக் கொல்லும் மாட்டு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. அவற்றுக்குப் பதிலாக மெலோக்சிகாம் என்ற வலிமருந்தைப் போட்டால் பாறுக்கு ஆபத்தில்லை. உங்கள் வீட்டில் மாடு இருந்தால் டாக்டரிடம் அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கூட்டில் குஞ்சு இருக்கும் படம் ஒன்றுகூட நீங்கள் வெளியிட்டதில்லையே?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆரம்ப காலத்தில், ஆற்றோரம் நீர்மருது மரத்திலிருந்த கூட்டுக்குத் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டேன். தாய் எழும்பிப் போய்விட்டது. நான் பின்வாங்கிப் புதரில் ஒளிந்தும் முக்கால் மணி நேரம் அது திரும்பவில்லை. முட்டை வெயிலில் காய்கிறதே என்று நெஞ்சு பதைத்தது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கடைசியில் வந்து உட்கார்ந்தது. அந்த முட்டை பொரித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எடுத்த படங்களை அழித்துவிட்டேன். கூடு இருக்கும் இடத்தையும் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும்.

கேள்வி: வருமானம் வருமா?
- வாசகர், ஈரோடு

பதில்: படம் விற்றே வீட்டு வாடகை கட்டிய மாதங்கள் குறைவு. முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுக்கிறேன். அந்தப் பணத்தில்தான் மசினகுடிக்குப் பஸ் ஏறுகிறேன்.